நைட்டிமேல் வரைந்த சேலை

நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. ஓய்வு என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், மாடியில் இருக்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் துணி வரைந்தவள் நான். துணி மட்டும்தான். முகத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கும் என்னை ஒரு மூக்கு வரையச் சொன்னால் கத்திரிக்காய்தான் வரும்.

போன வாரம் பழைய பழக்கத்தில் படியேறிப் போனேன். இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என் முகத்தைப் போனில் படம் பிடித்து எதையோ தட்டினார்கள். மூச்சு விடும் நேரத்தில் நான் பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எனக்கு ஒட்டியாணம்கூடப் போட்டுவிட்டிருந்தார்கள்.

"யக்கா, பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி கீறீங்க!"

பார்த்தேன். மடிமேல் விரிந்திருந்த முந்தானையின் மூலையைப் பார்த்தேன். அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு உட்கார்ந்து சிரித்தேன், தண்ணீர் கொடுத்தார்கள், அதைக் குடிக்க முடியாமல் சிரித்தேன். அந்தப் போன் செய்திருந்தது, இருபத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் அதே அறையில் நான் செய்த அதே தப்பு.

"இன்னாக்கா, சொல்லிட்டு சிரிங்க" என்று இரண்டு பேரும் கெஞ்சினார்கள். சொன்னேன். கேட்டு முடித்து, இதை எழுதியே தீர வேண்டும் என்று ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டு வரைக்கும் நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவர் காலை வண்டியில் போனதும் நான் மிஷினில் உட்கார்ந்தால் மாலை வண்டி வரும்வரை கால் நிற்காது. என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவர்களில் புவனாவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், எனக்கு முப்பத்தொன்பது. சென்னையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு வந்து, சொந்தமாக ஸ்டுடியோ போட்டிருந்தாள். ஒரு நாள் கையில் ஒரு பிரிண்ட்டோடு வந்தாள். இறந்துபோன யாரோ ஒரு பெரியவர். முகம் பழைய ரேஷன் கார்டு படத்திலிருந்து எடுத்தது, சட்டை புவனா கம்ப்யூட்டரில் வரைந்தது.

"எப்டிக்கா கீது?"

நான் தைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். "சட்டை நல்லா கீது. உள்ள ஆளத்தான் காணோம்."

"இன்னாது?"

"ஆங், ஹேங்கர்ல மாட்டி வச்ச மாதிரி கீது. தோள் எங்க? சட்டை தோள்லதான தொங்கணும்? இது காத்துல தொங்குது."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை வந்து நின்றாள். "அக்கா, நீங்களே வந்து உக்காருங்க" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்படி மாட்டிக்கொண்டதற்கு இன்றுவரை கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

கற்றுக்கொண்ட மூன்று மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மவுஸை வைத்துத் துணி வரைவது சோப்புக்கட்டியை வைத்துக் கோலம் போடுவது மாதிரி. கை வரைய ஆரம்பித்தால் கால் தானாக மேசைக்கு அடியில் மிதிக்கும். இருபது வருடப் பழக்கம் போகுமா? கஸ்டமர்கள் குனிந்து கீழே என்ன மிஷின் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கரண்ட் போனால் அரை நாள் வேலை போய்விடும், அதனால் இரண்டு சுருக்கம் வரைந்தால் ஒருதரம் சேவ் செய்யக் கற்றுக்கொண்டேன். பாடம் அவ்வளவுதான்.

எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் நோட்டீஸும் ஒரே மையில் அச்சாகிறவை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் புவனா சொன்னது: "கலர்ல பொய் சொன்னா சீக்கிரம் மாட்டிக்குவோங்க்கா. கறுப்பு வெள்ளையில கொஞ்சம் ஒளிஞ்சிக்கலாம்." திரையோரத்தில் எனக்காக ஆறு கட்டம் போட்டு ஆறு சாயல் நிரப்பி வைத்தாள். நம்பர் எல்லாம் எனக்கு நினைவில் நிற்காது, அதனால் நானே பெயர் வைத்தேன். விபூதி, அரிசி கழுவின தண்ணீர், சாம்பல், ஈயம், தோசைக்கல், கரி. விபூதி என்று வைத்ததை எங்கள் சர்ச்சில் யாரிடமும் சொல்லவில்லை. மலைமேல் முருகன் இருக்கும் ஊரில் அந்த வெளுப்புக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

முதலில் முழுத் துணிக்கும் சாம்பல் பூசிவிட வேண்டும். பிறகு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மூக்கின் நிழல் இடது கன்னத்தில் விழுந்தால், சட்டையின் நிழலும் இடது பக்கம்தான். அதற்கப்புறம் தையல்காரி வேலை. துணி எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தோளில், அக்குளில், முழங்கை மடிப்பில், குத்திய ஊக்கில். சுருக்கம் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். கஞ்சி போட்ட பருத்தி அப்பளம் மாதிரி உடைந்து மடியும். பாலியஸ்டர் வழியும். பட்டில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது, அரிசித் தண்ணீர் பக்கத்திலேயே தோசைக்கல் வந்துவிடும். பருத்தியில் ஒவ்வொரு படியாக இறங்கி வர வேண்டும். விபூதியையும் கரியையும் புவனா கடைசிவரை தொட விடமாட்டாள். "ஊறுகா மாதிரி தொட்டுக்கணும்க்கா, பெசஞ்சி சாப்புடக் கூடாது" என்பாள்.

புவனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஸ்டமர் எதிரில் நான் அவளை "மேடம்" என்பேன், அவள் என்னை "அக்கா" என்பாள். பதினான்கு வயது சின்னவள், ஆனால் அவள் பின்னால் வந்து நின்றால் எனக்கு முதுகு வியர்க்கும். அவள் திட்டியதே இல்லை. அவளிடம் இருந்தது இரண்டே வார்த்தை. படம் சரியில்லை என்றால் "வேற." சரியாக இருந்தால் "போலாம்." ஏன், எங்கே, எதனால் என்றெல்லாம் பேச்சே கிடையாது. திரைக்கு அருகே வந்து உள்ளங்கையை வைத்து முகத்தை மறைப்பாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு துணியை மட்டும் பார்ப்பாள். முகம் இல்லாமலே உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தால்தான் போலாம். இல்லையென்றால் வேற. ஒரே வேட்டிக்கு ஒன்பது "வேற" வாங்கியிருக்கிறேன். பத்தாவது தரம் பார்த்துவிட்டு, ஈரத் துண்டை எடுத்து நாற்காலியில் வீசிப் போட்டு, விளக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வேட்டி வந்தது.

வேலை பழகியதும் சோம்பேறித்தனம் வந்தது. ஒரு தடவை ஒரு அரைக்கைச் சட்டை, பையில் பேனாவோடு, பிரமாதமாக அமைந்துவிட்டது. அதையே ஏன் திரும்ப வரைய வேண்டும்? அடுத்து வந்த பெரியவருக்கும் அதையே போட்டேன். அதற்கு அடுத்தவருக்கும். புவனா ஒரு வாரம் சென்னைக்குப் போயிருந்த சமயம் அது. பஸ் ஸ்டாண்டு சுவரில் மூன்று போஸ்டர் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே சட்டை, ஒரே சுருக்கம், ஒரே பேனா. அதில் இரண்டு பேர் மச்சான் முறை. வரப்புத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாதவர்கள். ஒருவருடைய மகன் மாடிக்கு ஏறி வந்து கத்தினார்.

"எங்க நைனா சட்டைய அந்தாளு போட்டுகினு கீறான்! உசுரோட இருக்கும்போது ஒரு பீடி வாங்கியிருக்க மாட்டாரு அவன்கிட்ட!"

நான் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளாத குறை. பழி யாருடையது என்று எனக்குத் தெரியும், மன்னிப்புக் கேட்டேன், அன்றைக்கே அவருக்கு வேறு சட்டை வரைந்து கொடுத்தேன். புவனா திரும்பி வந்து சுவரைப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். கிளம்பும்போது, "அக்கா, எனக்கும் அதே சட்டைதான் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் ஒருவருக்கு வரைந்ததை இன்னொருவருக்கு நான் போட்டதே இல்லை.

இப்போது பத்மாவின் கதைக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், ஆனி மாதம். ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா வேணு, தறியில் பருத்திச் சேலை நெய்கிறவர். மகள் பத்மா, இருபத்தெட்டு வயது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். இதுவரை அனுப்பிய படமெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று வேணு சொன்னார். சொல்லும்போது மகளைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

படம் ஏன் திரும்பி வருகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பேசும்போது பத்மாவின் முகம் அவ்வளவு அழகு. சேலை கட்டி, பூ வைத்து, கேமரா எதிரில் உட்கார வைத்தால் ரேஷன் கடையில் எடை குறைத்தவனைப் பார்க்கிற முகம் வந்துவிடும். புவனா பன்னிரண்டு படம் எடுத்தாள். பன்னிரண்டிலும் ரேஷன் கடை.

"எனக்கே தெரிதுக்கா. இன்னா பண்ணாலும் இப்டித்தான் வருது" என்று பத்மா சொன்னாள். பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தாள். "இது மட்டும்தான் நல்லா வந்துகீது. ஆனா இத்த அனுப்ப முடியாது."

அத்தை வீட்டு வாசலில் எடுத்த படம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மாமாவின் லுங்கியை ஆடு தின்றுகொண்டிருந்ததாம். கண் மூடி, தலை பின்னால் போய், மேல் ஈறு தெரியச் சிரிக்கிறாள். பார்த்த எனக்கே சிரிப்பு வந்தது. ஒரே ஒரு கஷ்டம், அவள் போட்டிருந்தது நைட்டி. தோளில் துண்டு வேறு.

"மானம் போயிடும். நைட்டியில பொண்ணு படம் அனுப்புவாங்களா?" என்றார் வேணு.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மேடம், மொகம் இதுலதான் கீது. சேலைய நான் போட்டுர்றேன்" என்றேன்.

புவனா படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். "போடலாம். ஆனா மொகத்துல ஒரு புள்ளி கூட தொடக் கூடாது" என்றாள். பிறகு வேணுவிடம், "வீட்டுலருந்து மாதிரிக்கு ஒரு சேலை கொண்டாந்து குடுங்க, பாத்து வரையட்டும்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வருடம் துணியோடு வாழ்ந்தவளுக்கு மாதிரி எதற்கு? சேலை என் தலையிலேயே இருக்கிறது என்றேன்.

நாலு நாள் வரைந்தேன். நைட்டிக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடினேன். சிரித்துச் சாய்ந்ததில் இடது தோள் ஏறியிருந்தது, அதனால் தோள் மடிப்பு அங்கே இறுகும். முழங்கால் இரண்டும் அகன்றிருந்தன, நடுவே துணி தொட்டில் மாதிரி தொங்கும். பருத்தி என்பதால் படிப்படியாக நிழல் இறக்கினேன். மடிப்புக்குள் போகும்போது பார்டர் குறுகும், வெளியே வரும்போது விரியும். அதையெல்லாம் கணக்காகச் செய்தேன். முந்தானையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து மடியில் விரித்து, அதன் மூலை முழங்கால்மேல் விழும்படி விட்டேன். மூலை வெறுமையாக இருந்தது. பார்டரை ஓரத்தோடு கொண்டுவந்து, மூலையில் அழகாக மடக்கித் திருப்பி, முந்தானை நுனி நெடுக ஓட்டினேன். பார்டரின் டைமண்ட் கட்டங்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து மூலையில் ஒன்றுசேர்ந்து ஒரு பூவானது. அந்தப் பூவில் மட்டும் ஒரு துளி விபூதி வைத்தேன். எனக்கே கர்வம் தாங்கவில்லை.

புவனா முகத்தை மறைத்தாள், கண்ணைச் சுருக்கினாள். "போலாம்."

வேணு வந்து பிரிண்ட்டை வாங்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பையில் வைத்தார். ஆயுசு முழுக்கச் சேலை நெய்த மனுஷன், சேலையைப் பார்க்கவே இல்லை.

ஆடி பிறந்தது. ஒரு நாள் அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார், பின்னாலேயே பத்மா.

"நகரியில ஒரு எடம். படம் ரொம்பப் புடிச்சிபோச்சாம். ஆடி போவட்டும், மொத ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க."

நான் கை தட்டினேன்.

"இரும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லிகீறாங்க. படத்துல கட்டிகினு கீற அதே சேலைய பொண்ணு கட்டிகினு வரணுமாம். மாப்ள அம்மா சொல்லி அனுப்பிகீறாங்க."

சரி, அது மாதிரி ஒன்று வாங்கிவிட்டால் போகிறது என்றேன். வேணு தன்னிடமிருந்த இன்னொரு பிரதியை மேசைமேல் வைத்து, அந்த மூலையை விரலால் தொட்டார்.

"இத்த எங்கம்மா வாங்குவ? பார்டரு பாவு நூலும்மா. தறியில நீளமா இழுத்துக் கட்டின நூலு. இந்த முனையில கெளம்புனா அந்த முனை வரைக்கும் நேராத்தான் போவும். அது எப்டிம்மா மூலையில திரும்பும்? ரயிலு தண்டவாளத்த விட்டு வயல்ல திரும்புமா?"

மேசை விரிப்புக்கு லேஸ் வைத்துத் தைக்கும்போது மூலையில் மடக்கித் திருப்புவது தையல்காரிக்கு மூச்சு விடுவது மாதிரி. தறிக்கு அது நடக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அவங்களுக்கு தெரியாதில்ல?" என்று ஈனசுரத்தில் கேட்டேன்.

"அந்தம்மாவும் தறிக்கார வூடுதான்."

வேணு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "சேலை பொய்யின்னா மொகமும் பொய்யின்னுவாங்க. பத்மா சிரிப்பே வரைஞ்சதுன்னு ஊரெல்லாம் பேசுவாங்க. இதுக்கு மேல எம்பொண்ணுக்கு எவன் வருவான்?"

"நெசத்த சொல்லிடலாம் நைனா. நைட்டின்னு சொல்லிடலாம்" என்றாள் பத்மா.

"நானே போன் பண்ணி சொல்றேன்" என்றாள் புவனாவும்.

இரண்டு பேர் நல்ல புத்தி சொன்னார்கள். நான் கேட்டேனா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினேன். "நெய்ய முடியாதுன்னா தெக்க முடியும். நீங்க சேலைய நெய்ஞ்சி குடுங்க, மூலைய நான் பாத்துக்குறேன்" என்று மார்தட்டினேன்.

அடுத்த கேள்வி யாருமே எதிர்பார்க்காதது. என்ன நிறத்தில் நெய்வது? படமோ கறுப்பு வெள்ளை. வேணு அது இலைப்பச்சை என்று நினைத்திருந்தார். அவர் மனைவி ரோஸ் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வரைந்த என்னைக் கேட்டார்கள். "ஈயம்" என்றேன், உண்மையைத்தானே சொன்னேன். நகரி அம்மா மனதில் என்ன நிறமோ, யார் கண்டது!

வழி கண்டுபிடித்தது புவனா. மறுநாள் வேணு ஒரு சாக்குப் பை நிறையச் சாயம் போட்ட நூல் கட்டுகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்து, மூடி, கறுப்பு வெள்ளையில் எடுத்து, என் சேலையின் சாயலோடு ஒட்டிப் பார்த்தாள். அன்றைக்கு நாங்கள் பட்ட ஆனந்தம் கொஞ்சமல்ல. அரக்கு நூலும் பாசிப்பச்சை நூலும் நேரில் கீரியும் பாம்பும். திரையில் இரண்டும் ஒரே தோசைக்கல்! வேணு நம்பவில்லை. மாற்றி வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினோம், "இன்னாடா கண்கட்டு வித்தை!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். ஈயத்துக்கு மூன்று நூல் சரியாக வந்தன: ரோஸ், இலைப்பச்சை, நீலம். வேணு பச்சையை எடுத்தார்.

"கட்டப் போறது நானு. என்னையும் கேளுங்க நைனா" என்றாள் பத்மா. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "நீலம்" என்றாள்.

நீல உடல், அரக்கு பார்டர் என்று முடிவானது. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மஞ்சள் துணியும் காவடியுமாக நிரம்பி, ஸ்டுடியோ படிவரை கூட்டம் ஏறி நின்றது. கூட்டம் வடிந்து சில நாளில் வேணு சேலையோடு வந்தார். பார்டரை மட்டும் மூன்று முழம் அதிகமாக நெய்திருந்தார். நான் கத்திரியை எடுத்ததும் எழுந்துவிட்டார்.

"நெய்ஞ்ச துணியில கத்திரி வக்கிறத என்னால பாக்க முடியாதும்மா" என்று டீ குடிக்கப் போனவர் நாங்கள் ஆள் அனுப்பும்வரை திரும்பவில்லை.

அதிகமாக இருந்த பார்டரை வெட்டி, முந்தானை நுனியில் வைத்து, மூலையில் கட்டத்தோடு கட்டம் சேர மடக்கி, அதே சேலையிலிருந்து உருவிய நூலால் கையாலேயே தைத்தேன். புவனா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "வேற." பிரித்துத் தைத்தேன். "வேற." மறுபடி பிரித்துத் தைத்தேன். மூன்றாவது தரம் வேற என்றும் சொல்லவில்லை, போலாம் என்றும் சொல்லவில்லை, லென்ஸை டிராயருக்குள் வைத்தாள். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை.

முந்தானை மூலையை முழங்கால்மேல் சரியாக விழவைக்க என்னையும், படம் எடுக்கப் புவனாவையும் வேணு அழைத்திருந்தார். நகரியிலிருந்து வேன் வந்தது. மாப்பிள்ளை நல்ல உயரம், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் அம்மா கிருத்திகைக்கு மொட்டை போட்டவர் போலிருக்கிறது, தலையில் முள் முள்ளாக முடி. உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து படத்தை எடுத்தார்.

பத்மா வந்து உட்கார்ந்தாள். நீலச் சேலை, பூ, வளையல் எல்லாம் சரி. முகம் ரேஷன் கடை.

அந்தம்மா படத்தைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கேசரி யார் வாய்க்கும் போகவில்லை. நான் பத்மாவைப் பார்த்து, சிரி, சிரி என்று கண்ணாலே கெஞ்சினேன். அதில் அவள் முகம் இன்னும் இறுகியது. என் வாயால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போகப் போகிறது.

அந்தம்மா எழுந்து வந்து பத்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். முழங்கால்மேல் இருந்த மூலையை எடுத்தார். புரட்டினார். தையலின்மேல் நகத்தை ஓட்டினார்.

"எந்தத் தறியில நெய்ஞ்சது இது?"

வேணு பத்மாவைப் பார்த்தார். பத்மா என்னைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"கையால தெச்சதுங்க. நான்தான் தெச்சேன். அவங்க மேல தப்பில்ல. படத்துல வரைஞ்சதும் நான்தான். மொகம் அவளோடதுதான், கர்த்தர் சாட்சியா அத்த நாங்க தொடல. சேலைதான் பொய். படத்துல அவ கட்டிகினு இருந்தது..." என்று மூச்சு வாங்கினேன். "நைட்டிங்க."

அந்த வார்த்தை கூடத்தின் நடுவில் விழுந்து கிடந்தது. பத்மாவின் மூக்கிலிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது. பிறகு உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. கண் மூடி, தலை பின்னால் போய், மேல் ஈறு தெரிய, வீடு அதிரச் சிரித்தாள். முந்தானை நழுவியது, பூ நழுவியது, அவள் நிறுத்தவில்லை.

அந்தம்மா படத்தைத் தூக்கி அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆங், இதான்! இதான்!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாப்பது வருசமா தறியில ஒக்காந்துகினு கீறேன். பாவு நூலு திரும்பாதுன்னு எனக்கு தெரியாதா? படத்த பாத்த அன்னிக்கே சேலை பொய்யின்னு தெரிஞ்சிபோச்சி. சிரிப்பும் பொய்யான்னுதான் தெரியல. அதே சேலைய கட்டிகினு வான்னா, யாராச்சும் வாயத் தொறந்து நெசத்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க இன்னாடான்னா அத்த நெய்ஞ்சிகினே வந்து நிக்கிறீங்க!"

சொல்லிவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். மூலையைத் தூக்கித் தன் வீட்டாருக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தார். "ஆனா தெச்சது ஜோரா கீதும்மா. ஒண்ணு மட்டும் கேக்குறேன், நான் பச்சைன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன், இது இன்னா நீலம்?" வேணு அழுதுகொண்டே சிரித்தார். மாப்பிள்ளை அன்றைக்கு முதல்தடவையாகத் தலை நிமிர்ந்து பத்மாவைப் பார்த்தார். பார்த்தவர் மறுபடி தரையைப் பார்க்கவே இல்லை. எங்கோ பின்னால் புவனாவின் கேமரா ஒரே ஒருதரம் சத்தம் போட்டது.

ஆவணி முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. எனக்கு நகரியிலிருந்து ஒரு சேலை வந்தது. அந்தம்மா நெய்தது, பார்டர் நேராகப் போகும் சேலை.

பெண் பார்க்க வந்த அன்று எடுத்த அந்த ஒரே படம் கழுவி வந்ததும் புவனா அதை ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, என் திரையில் திறந்தாள். நான் மவுஸில் கை வைத்தேன். கீழே கால் மிதிக்க ஆரம்பித்துவிட்டது. சேலை கசங்கிக் கிடந்தது. கொசுவம் கலைந்து, முந்தானை தோளிலிருந்து பாதி இறங்கியிருந்தது. நான் நாலு நாள் வரைந்த மூலை, அவ்வளவு பாடுபட்டுத் தைத்த மூலை, மாமியாரின் கைக்கடியில் மாட்டிக் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்தில் பத்மா தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எந்தச் சுருக்கத்தில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன். புவனா பின்னால் வந்து நின்றாள். உள்ளங்கையால் பத்மாவின் முகத்தை மறைத்தாள், கண்ணைச் சுருக்கித் துணியைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

"போலாம்" என்றாள்.

நான் இன்னும் எதையும் தொடவே இல்லை.